ஃபைனல் ஃபேன்டசி 14: ஃபில்லர் குவெஸ்ட்களை ஆடிக் கடப்பதா, தாண்டிச் செல்வதா?

இணையத்தில் கூட்டாக ஆடும் கதை விளையாட்டான ஃபைனல் ஃபேன்டசி 14ஐ ஆடத் தொடங்கியவர்களில் பலர் ஏறத்தாழ ஒரே இடத்தில் வந்து நின்றுவிடுகிறார்கள். லெவல் 50 வந்திருக்கும். அதன் முதல் பகுதியான எ ரெல்ம் ரீபார்னின் இறுதிச் சண்டை முடிந்து பெயர்ப் பட்டியலும் திரையில் ஓடி முடிந்திருக்கும். அடுத்து வரும் விரிவாக்கமான ஹெவன்ஸ்வர்டில்தான் கதை சூடுபிடிக்கும் என்று நண்பர்கள் ஆசை காட்டியிருப்பார்கள். ஆனால் அங்கே போய்ச் சேர்வதற்கு முன், இவரிடம் கடிதத்தைக் கொடு, அவரைப் பார்த்துவிட்டு வா, மூன்று பேரை விசாரி, திரும்பி வந்து சொல் என்று நீளும் குவெஸ்ட்களின், அதாவது ஏவல் பணிகளின், பெரிய வரிசை ஒன்று குறுக்கே கிடக்கும். கதையை நகர்த்தாமல் நேரத்தை நிரப்பும் இவற்றைத்தான் ஃபில்லர் என்கிறார்கள். இதை முழுதாக ஆட வேண்டுமா, கட்சீன் எனப்படும் கதைக் காட்சிகளைத் தவிர்த்துவிட்டு ஓடலாமா, பணம் கட்டித் தாண்டலாமா, அல்லது வேறு விளையாட்டுக்கே போய்விடலாமா என்பதே வாசகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி. நான்கு வழிகளையும் இங்கே எடைபோட்டுப் பார்க்கலாம். கதையின் முக்கியத் திருப்பங்களைச் சொல்லாமல் தவிர்த்திருக்கிறேன்.

இந்தத் தொய்வு எங்கிருந்து வந்தது

காரணம் தெரிந்தால் முடிவெடுப்பது எளிது. 2010 செப்டம்பரில் வெளியான முதல் வடிவம் படுதோல்வி அடைந்தது. நவோக்கி யோஷிடா தயாரிப்பாளராகவும் இயக்குநராகவும் பொறுப்பேற்று, பழைய விளையாட்டை நடத்திக்கொண்டே புதிய ஒன்றைக் கட்டி, 2013 ஆகஸ்டில் எ ரெல்ம் ரீபார்ன் என்ற பெயரில் வெளியிட்டார். லெவல் 1 முதல் 50 வரை ஆட்டக்காரரை ஊர் ஊராக அழைத்துச் செல்ல வேண்டும், ஒவ்வொரு ஊரிலும் அடுத்த லெவலுக்கான அனுபவப் புள்ளிகளைத் தர வேண்டும், அதற்கெல்லாம் கிடைத்த காலமோ குறைவு. அந்த நெருக்கடியின் தடங்கள் முதன்மைக் கதையிலேயே தெரிகின்றன.

டைட்டன் என்னும் பூதத்தை எதிர்கொள்வதற்கு முந்தைய பகுதி இதற்குப் பெயர்பெற்றது. அவசரம் என்று சொல்லி அனுப்பப்படும் நாயகர், டைட்டனை ஒருமுறை வென்ற முன்னாள் கூலிப்படை வீரர்களைத் தேடிச் செல்கிறார். அவர்களோ ஒரு விருந்துக்கு ஏற்பாடு செய்யச் சொல்கிறார்கள். ஒரு ஊரில் மதுவுக்கு அலைய வேண்டும். பாலாடைக்கட்டிக்காக பிரேஃபிளாக்ஸ் என்னும் பூதகணப் பெண்ணைத் தேடிப் போக வேண்டும், அந்த அலைச்சலே ஒரு முழு டஞ்சனில், அதாவது குழுவாகச் சண்டையிட்டுக் கடக்கும் பகுதியில், போய் முடியும். நாடு அழிந்துகொண்டிருக்கும்போது பாலாடைக்கட்டி எதற்கு என்ற கேள்வி ஆட்டக்காரருக்கு எழுவது இயல்பு. கதைக்குள் அதற்குச் சொல்லப்படும் விடை எனக்கு இன்றும் நிறைவு தரவில்லை.

லெவல் 50க்குப் பிந்தைய தொய்வு வேறு வகையானது. அந்தக் குவெஸ்ட்கள் 2013 டிசம்பரில் வந்த 2.1 பேட்ச் என்னும் புதுப்பிப்பிலிருந்து 2015 மார்ச்சில் வந்த 2.55 பேட்ச் வரை, சில மாதங்களுக்கு ஒரு தவணையாகத் தரப்பட்டவை. ஒவ்வொரு தவணையும் சிறிது நேரத்தில் முடிந்து, அடுத்ததற்காக ஆட்டக்காரர்கள் காத்திருந்தார்கள். இன்று அவற்றை ஒரே மூச்சில் ஆடுபவரின் நிலை, வார இதழில் வந்த தொடர்கதையைப் பைண்டு செய்து ஒரே இரவில் படிப்பவரின் நிலை. வாராவாரம் வாசகரைப் பிடித்து வைத்திருந்த முன்கதை நினைவூட்டலும் சின்னச் சின்னத் தாமதங்களும் தொகுப்பாகப் படிக்கும்போது சுமையாகிவிடுகின்றன. ஆகவே, இந்தப் பகுதியில் எழுத்து மோசம் என்பதைவிட, ஆடும் வேகம் மாறிவிட்டது என்பதே சரியான விளக்கம் என்று நினைக்கிறேன்.

தயாரிப்பாளர்களும் இதை உணர்ந்திருக்கிறார்கள். 2020 ஆகஸ்டில் வந்த 5.3 பேட்சில் எ ரெல்ம் ரீபார்னின் முதன்மைக் குவெஸ்ட்களில் பத்தில் ஒரு பங்குக்கும் சற்று மேல் நீக்கப்பட்டது. இறுதிச் சண்டைக்குப் பின் பழைய நிலப்பகுதிகளில் பறந்து செல்லவும் வழி வந்தது. நீங்கள் படிக்கும் பழைய புலம்பல்களில் பாதி அதற்கு முன் எழுதப்பட்டவை என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

எவற்றை வைத்து எடைபோடுவது

முதலாவது நேரம். வசனங்களைப் படித்துக்கொண்டே ஆடினால் 2.1 முதல் 2.55 வரையிலான பகுதி மட்டுமே வார இறுதிகள் பலவற்றை விழுங்கும். இதில் நமக்கென்று ஒரு கூடுதல் கணக்கும் உண்டு: உலகப் பதிப்பில் வசனங்கள் ஜப்பானியம், ஆங்கிலம், ஜெர்மன், பிரெஞ்சு ஆகிய மொழிகளில் மட்டுமே உள்ளன; அந்த ஆங்கிலமோ வேண்டுமென்றே பழைய நடையில் எழுதப்பட்டது. பெரும்பகுதி குரல் பதிவு இல்லாத எழுத்து. எனவே ஆங்கிலத்தைச் சரளமாகப் படிப்பவர்கூட வழக்கத்தைவிட மெதுவாகவே நகர்வார்.

இரண்டாவது பணம்: சந்தா, விரிவாக்கங்கள், தாண்டுவதற்கான கட்டணம் என எல்லாமும் இதில் அடங்கும். மூன்றாவது, பிற்பாடு வரும் கதைக்கு இப்போது ஆடும் பகுதி எவ்வளவு அவசியம் என்பது. நான்காவது ஆட்டத் திறன்: கதையைத் தாண்டினாலும் கைகள் பழக வேண்டிய பழக்கம் தாண்டிவிடாது. ஐந்தாவது, யாருடன் ஆடப் போகிறீர்கள் என்பது. தனியாக ஆடுபவருக்கும், பிந்தைய விரிவாக்கமான டான்ட்ரெயிலில் காத்திருக்கும் நண்பர் குழுவைப் பிடிக்க ஓடுபவருக்கும் ஒரே விடை பொருந்தாது.

முதல் வழி: முதன்மைக் கதையை முழுதாக ஆடுவது

இதைச் சொன்னதும் பலர், வழியில் காணும் மஞ்சள் குறி குவெஸ்ட்கள் எல்லாவற்றையும் முடிப்பது என்று புரிந்துகொள்கிறார்கள். தொய்வுக்கு விளையாட்டின் மீது மட்டும் பழி போட முடியாத இடம் இது. தீப்பந்து போன்ற குறி உள்ளவை முதன்மைக் கதை. நீலக் குறி உள்ளவை ஏதாவது ஒரு வசதியையோ டஞ்சனையோ வேலைத் திறனையோ திறப்பவை (வேலை என்பது நம் பாத்திரம் ஏற்கும் போர்த் தொழில்). சாதாரண மஞ்சள் குறி உள்ளவை பெரும்பாலும் அந்த ஊர்க்காரரின் சில்லறை வேலைகள். முதன்மைக் கதை தரும் அனுபவப் புள்ளிகளே இன்று ஒரு வேலையை வளர்க்கப் போதுமானவை என்பதால், எ ரெல்ம் ரீபார்னின் மஞ்சள் குவெஸ்ட்களை மனச்சாட்சி உறுத்தாமல் விட்டுவிடலாம். நீலத்தை மட்டும் விடக் கூடாது. குறிப்பாக உங்கள் வேலைக்குரிய குவெஸ்ட்களை விட்டால் சில திறன்களே கிடைக்காது. ஹெவன்ஸ்வர்டு முதல், பறக்கும் வசதியைத் திறப்பதற்குத் தேவையான காற்றோட்டங்களில் சில துணைக் குவெஸ்ட்களின் பரிசாக வருவதால், அவற்றைத் தேடிப் பிடித்து முடிக்க வேண்டியிருக்கும்.

இந்த வழியின் பெரிய வலு மூன்றாவது அளவுகோலில் இருக்கிறது. எது ஃபில்லர், எது அடித்தளம் என்பது ஆடும்போது தெரிவதில்லை. 2.1 பேட்சில் தொடங்கிய கிரிஸ்டல் டவர் என்னும் 24 பேர் ஆடும் தொடர், வந்த காலத்தில் விருப்பமிருந்தால் ஆடலாம் என்ற வகையில்தான் இருந்தது. முதன்மைக் கதைக்கும் அதற்கும் தொடர்பே இல்லாதது போலத் தோன்றியது. 2019இல் வந்த ஷேடோபிரிங்கர்ஸ் விரிவாக்கம் அதன் மீது தன் முழு எடையையும் ஏற்றி வைத்தது. அதன் பிறகுதான் 5.3 பேட்சில் கிரிஸ்டல் டவரைக் கட்டாயமாக்கினார்கள். ஒரு பக்கம் குவெஸ்ட்களை வெட்டிக்கொண்டே, இன்னொரு பக்கம் பழைய விருப்பத் தொடர் ஒன்றைக் கட்டாயமாக்கிய அதே பேட்ச் என்பது கவனிக்க வேண்டிய செய்தி.

2.1 முதல் 2.55 வரையிலான பகுதியும் அப்படித்தான். அல்ஃபினோ என்னும் இளைஞன் தன் புத்திசாலித்தனத்தின் மீதுள்ள அளவற்ற நம்பிக்கையில் ஒரு படையைத் திரட்டுகிறான். அதற்காக நாயகர் செய்யும் எடுபிடி வேலைகளில் பாதி அலுப்பூட்டுபவை. ஆனால் கடைசிச் சில குவெஸ்ட்களில் அந்தப் படையின் கதி தெரியும்போது, அந்தச் சில்லறை வேலைகளில் சந்தித்த முகங்கள் நினைவில் இருப்பவருக்கே அது வலிக்கும். ஹெவன்ஸ்வர்டில் அவன் அடையும் மாற்றம் இந்தத் தலைக்கனத்தைப் பார்த்திராதவருக்கு வெறும் நல்ல பையனின் கதையாகத்தான் தெரியும்.

எல்லாச் சில்லறை வேலையும் தொய்வு அல்ல என்பதற்கு ஹெவன்ஸ்வர்டே சாட்சி. நால்வர் மலை ஏறிப் பயணம் போகும் அதன் நடுப்பகுதியில் மூகிள்கள் என்னும் பஞ்சுருண்டைகள் நாயகரை வீட்டுவேலை வாங்குகின்றன. செய்வது அதே எடுபிடி வேலைதான். ஆனால் கூட வரும் எஸ்டினியன் பொறுமையிழந்து முணுமுணுக்கிறான், யிசேலோ மூகிள்களின் குறும்பில் உருகிப்போகிறாள். இரவில் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து அவர்கள் பேசும் காட்சி நெஞ்சில் நிற்பதற்கு, பகலில் கூட நடந்த அலுப்பும் ஒரு காரணம். ரூன்ஸ்கேப் விளையாட்டில் ஷைலோ கிராமத்து யானி சலிகா கேட்கும் ஒரே ஒரு சின்ன உதவி, ஒருவர் மாற்றி ஒருவர் தம் வேலையை நம் தலையில் கட்ட, முடிவே இல்லாமல் நீளும். ஃபில்லரைக் கேலிப் பொருளாகவே ஆக்கிய குவெஸ்ட் அது. அலைய வைப்பது தெரிந்தே செய்யப்படும்போது ஆட்டக்காரர் மன்னித்துவிடுகிறார். அவசரம் என்று சொல்லிவிட்டு அலைய வைக்கும்போதுதான் கோபம் வருகிறது.

பணக் கணக்கிலும் இந்த வழியே மலிவு. 2023 அக்டோபரில் வந்த 6.5 பேட்ச் முதல், இலவசச் சோதனைக் கணக்கிலேயே எ ரெல்ம் ரீபார்ன், ஹெவன்ஸ்வர்ட், ஸ்டார்ம்பிளட் ஆகிய மூன்றையும் லெவல் 70 வரை, காலக்கெடு இல்லாமல் ஆடலாம். மாதச் சந்தா ஓடிக்கொண்டிருக்கிறதே என்ற பதற்றம் இல்லாதபோது தொய்வு பாதியாகக் குறைகிறது. இன்று மூன்று குவெஸ்ட் போதும் என்று மூடி வைக்க முடியும், அதாவது பேட்ச் பேட்சாக வந்த பழைய வேகத்தை நீங்களே உருவாக்கிக்கொள்ளலாம். சந்தா கட்டிவிட்டு, மாதம் முடிவதற்குள் ஹெவன்ஸ்வர்டைத் தொட்டுவிட வேண்டும் என்று ஓடுபவருக்கே இந்தப் பகுதி மிகக் கொடுமையாக இருக்கும்.

மறைந்திருக்கும் செலவுகளும் உண்டு. சோதனைக் கணக்கில் சந்தைப் பலகையைப் பயன்படுத்த முடியாது, கையிருப்புப் பணத்துக்கு 3,00,000 கில் உச்சவரம்பு, கில்டில் சேரவோ பார்ட்டியை நீங்களே தொடங்கவோ முடியாது, பிறருக்குத் தனிச்செய்தி அனுப்பவும் முடியாது. முழு வடிவத்துக்கு மாறிவிட்டால் அந்தக் கணக்கைத் திரும்பச் சோதனைக் கணக்காக்க வழியில்லை என்பதை வாங்கும் முன் இரண்டு முறை யோசிக்க வேண்டும்.

டஞ்சன்களில் மற்றவர்கள் ஓடும்போது நாம் நின்று கட்சீன் பார்ப்பதில் கூச்சம் இருப்பவர்களுக்கு, 2022 ஏப்ரலில் 6.1 பேட்சில் அறிமுகமாகிப் பின்னர் விரிவாக்கப்பட்ட டியூட்டி சப்போர்ட் உதவும். கணினி இயக்கும் துணைவர்களுடன் முதன்மைக் கதையின் டஞ்சன்களை ஆடலாம். மனிதர்களைவிட அவர்கள் மெதுவாகவே சண்டையிடுவார்கள், ஆனால் யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள்.

கதைக்காகவே இந்த விளையாட்டுக்கு வந்தவர், தனியாக ஆடுபவர், வாரத்தில் சில மணி நேரமே கிடைப்பவர் ஆகிய மூவருக்கும் இதுவே ஏற்ற வழி.

இரண்டாவது வழி: கட்சீன்களைத் தவிர்த்து ஓடுவது

பணம் செலவில்லை, நேரமும் மிச்சம் என்று தோன்றுவதால் பலர் தேர்ந்தெடுப்பது இதுதான். நான்கிலும் மிக மோசமானது என்று நான் கருதுவதும் இதைத்தான். ஃபில்லர் குவெஸ்டில் அலுப்பூட்டுவது பேச்சைவிட நடையும் கிளிக்கும் தான். எ ரெல்ம் ரீபார்னின் முதல் பாதியில் வேக்கிங் சாண்ட்ஸ் என்னும் தலைமையகத்துக்குத் திரும்பத் திரும்ப அழைக்கிறார்களே, அந்த வெஸ்பர் பே ஊரில் நொடியில் வந்து சேர உதவும் ஈத்தரைட் கல் இல்லாததால் ஹொரைசனுக்கு டெலிபோர்ட் ஆகி அங்கிருந்து போக வேண்டியிருந்ததே பழைய ஆட்டக்காரர்களின் தீராத மனக்குறை. கட்சீனைத் தவிர்ப்பவர் இந்த அலைச்சலில் ஒரு அடியைக்கூடத் தவிர்ப்பதில்லை. அந்த அலைச்சலுக்குப் பொருள் தந்த பகுதியை மட்டும் தூக்கி எறிந்துவிடுகிறார். எஞ்சுவது, ஏன் என்று தெரியாமல் ஓடும் ஓட்டம். பிறகு விளையாட்டே சலித்து நிறுத்துபவர்கள் இந்த வழியில் வந்தவர்களாகவே இருப்பதில் வியப்பில்லை.

இது பொருந்தும் இடம் குறுகியது: ஏற்கெனவே கதை தெரிந்து, இரண்டாவது கதாபாத்திரத்தை வளர்ப்பவருக்கு. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தவிர்ப்பவருக்கு ஓர் ஆறுதல் உண்டு: விடுதி அறையில் உள்ள அன்எண்டிங் ஜர்னி என்னும் புத்தகத்தைத் திறந்தால் முடித்த குவெஸ்ட்களின் கட்சீன்களை மறுபடி பார்க்கலாம். ஆனால் ஒரு குவெஸ்டிலிருந்து அடுத்த குவெஸ்டுக்கு இடையே நடக்கும் சாதாரண உரையாடல்கள் அதில் முழுமையாகக் கிடைக்காது.

மூன்றாவது வழி: பணம் கட்டித் தாண்டுவது

விளையாட்டை வெளியிடும் ஸ்கொயர் எனிக்ஸின் இணையக் கடையில் டேல்ஸ் ஆஃப் அட்வென்ச்சர் என்ற பெயரில் இரண்டு வகைப் பொருள்கள் விற்கப்படுகின்றன. ஒன்று கதையைத் தாண்ட வைப்பது. மற்றொன்று ஒரு வேலையின் லெவலை உயர்த்துவது. ஒன்றை வாங்கினால் மற்றொன்று தானாக வராது என்பதே முதல் மறைசெலவு. அமெரிக்க விலையில் எ ரெல்ம் ரீபார்ன் முடியத் தாண்டுவதற்கு 11 டாலர், ஹெவன்ஸ்வர்ட் முடியத் தாண்டுவதற்கு 18 டாலர், அதற்குப் பிந்தையவற்றுக்கு 25 டாலர். லெவல் உயர்வுக்குத் தனியாக 25 டாலர். நண்பர்களுடன் புதிய பகுதியில் ஆட வேண்டுமென்றால் இரண்டும் வேண்டும், முழு வடிவமும் வேண்டும், சந்தாவும் வேண்டும். ஒருமுறை வாங்குவது ஒரே ஒரு கதாபாத்திரத்துக்கு மட்டுமே பயன்படும்.

இரண்டாவது மறைசெலவு கைப்பழக்கம். தொடக்க லெவல்களில் மூன்று நான்கு பொத்தான்களுடன் தொடங்கி, சில லெவலுக்கு ஒன்று எனத் திறன்கள் கூடிக்கொண்டே போவது ஒரு பாடத்திட்டம். உயர்ந்த லெவலில் நேரடியாக இறங்குபவர் முன் இருபதுக்கும் மேற்பட்ட பொத்தான்கள் ஒரே நாளில் வந்து நிற்கும். டேங்க் (அடி தாங்குபவர்), ஹீலர் (குணப்படுத்துபவர்) பொறுப்பை ஏற்பவராக இருந்தால் அந்தக் குழப்பத்தின் விலையைக் கூட ஆடும் மற்றவர்களும் கட்டுகிறார்கள். கதையைத் தாண்டினாலும் பழைய டஞ்சன்களில் சிலவற்றை டியூட்டி சப்போர்ட்டுடன் ஆடிப் பழகுவது இதற்கு ஓரளவு மாற்று.

மூன்றாவது செலவு ஷேடோபிரிங்கர்ஸில் தெரியும். அதன் உச்சக் காட்சிகள், 2013 முதல் சேர்த்து வைத்த நினைவுகளை நம்பியே எழுதப்பட்டவை. 2021 டிசம்பரில் வந்த எண்ட்வாக்கரோ அந்த நீண்ட கதைக்கே முடிவுரை. நேரே எண்ட்வாக்கருக்குத் தாண்டுவது எந்தக் கதை ரசிகருக்கும் வீண்செலவு. மாறாக, 2024 ஜூலையில் வெளியான டான்ட்ரெயில் புதிய நிலத்தில் புதிய கதையைத் தொடங்குவதால், தாண்டித்தான் ஆக வேண்டும் என்றால் அதன் வாசலில் போய் இறங்குவதே பொருத்தம். நடுவில் எங்கேனும் இறங்கினால், தாண்டிய பகுதியின் கடனும் எஞ்சிய பகுதியின் நீளமும் சேர்ந்தே வரும்.

ரெய்டு எனப்படும் கடினமான குழுச் சண்டைகளுக்காகவும் கூட்டு ஆட்டத்துக்காகவும் வந்தவர், கதையில் எந்த ஆர்வமும் இல்லை என்று தமக்கே உறுதியாகத் தெரிந்தவர், நிரந்தரக் குழு ஒன்று தமக்காகக் காத்திருப்பவர் ஆகியோருக்கு இந்தச் செலவு நியாயமானது. அவர்களை மற்ற ஆட்டக்காரர்கள் இளக்காரமாகப் பேசுவது எனக்கு உடன்பாடில்லை. ஒவ்வொருவரும் வேறொன்றுக்காக வருகிறார்கள்.

நான்காவது வழி: வேறு விளையாட்டுக்குப் போவது

கதை வேண்டும், ஆனால் ஒற்றை நூலாக நீளும் கதை வேண்டாம் என்பவருக்கு எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைன் பொருந்தக்கூடும். 2016 அக்டோபரில் வந்த ஒன் டாம்ரியல் மாற்றத்துக்குப் பின் எந்த நிலப்பகுதிக்கும் எந்த வரிசையிலும் போகலாம். எதிரிகளின் வலு உங்களுக்கேற்ப அமைந்துகொள்ளும். உரையாடல்கள் பெரும்பாலும் குரல் பதிவுடன் இருப்பதால் படிக்கும் சுமை குறைவு. ஒவ்வொரு ஊரின் குவெஸ்டும் தனிச் சிறுகதையாக முடிவதால் ஃபில்லர் என்ற உணர்வே குறைவாக எழும். ஆனால் வரிசையில்லாமையின் விலையும் அங்கேயே இருக்கிறது: ஒரு பகுதியில் இறந்துபோன பாத்திரம் இன்னொரு பகுதியில் முதன்முறையாக அறிமுகமாகும் குழப்பத்தைப் புதியவர்கள் சந்திக்கிறார்கள். சந்தா கட்டாயமில்லை, ஆனால் கைவினைப் பொருள்களைச் சேர்ப்பவருக்குப் பை நிறைந்துகொண்டே இருக்கும், அளவில்லாத கைவினைப் பை சந்தாதாரருக்கே கிடைக்கும்.

வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் இதே சிக்கலை எதிர்த்திசையில் தீர்த்தது. 2020 அக்டோபரில் லெவல்களைச் சுருக்கி, குரோமி டைம் மூலம் பழைய விரிவாக்கங்களில் ஒன்றைத் தேர்ந்து அதிலேயே வளரலாம் என்றாக்கியது. இங்கே தொய்வு இல்லை, மாறாக வேகம் மிகுதி: தேர்ந்தெடுத்த கதை பாதியில் இருக்கும்போதே லெவல் போதுமான அளவுக்கு ஏறி, புதிய பகுதிக்கு வா என்று அழைப்பு வந்துவிடும். கதையை ஒரு பொருட்டாக எண்ணாதவருக்கு இது வரம்.

மாறிப் போவதற்கு முன் ஒன்றைக் கவனிக்கலாம். ஃபைனல் ஃபேன்டசி 14இல் சந்தாவை நிறுத்தினாலும் கதாபாத்திரமும் கதையில் நின்ற இடமும் அப்படியே இருக்கும். எப்போது திரும்பினாலும் அங்கிருந்தே தொடரலாம். விளையாட்டுக்குள் சொந்த வீடு வாங்கி வைத்திருப்பவர்கள் மட்டும், 45 நாள்கள் உள்ளே நுழையாவிட்டால் வீடு கைவிட்டுப் போகும் என்ற விதி அப்போது நடைமுறையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நிறுத்த வேண்டும்.